பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பது போல விசாரிக்கிறார்!

கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சொந்த வீடு, காம்பவுண்டுச் சுவர், பின்புறம் மூன்று சென்ட் காலியிடம். சென்ற தீபாவளிக்கு முன்பு இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கினோம். முப்பது நாள் குட்டி. வந்த ஐந்தாம் நாள் வாந்தி, இரத்தபேதி. எட்டாம் நாள் போய்விட்டது. பார்வோ வைரஸ் நோய் என்றார் டாக்டர். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதன் சிவப்புக் கழுத்துப்பட்டையை இன்னும் மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாள். மறுபடியும் ராஜபாளையம்தான் வேண்டும் என்கிறாள்.

மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர், 35 நாள் குட்டி, 9,000 ரூபாய், 'இரண்டு ஊசியும் போட்டாயிற்று, கே.சி.ஐ. பேப்பர் இருக்கிறது, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கே கொண்டுவந்து தருகிறேன்' என்கிறார். இரண்டாமவர் ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். 22,000 ரூபாய் சொல்கிறார், நான்கு மாதம் காத்திருக்கவும் சொல்கிறார். அது போதாதென்று, வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், சுவர் எவ்வளவு உயரம், முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பது போல விசாரிக்கிறார். மூன்றாவது, என்னோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் குட்டி. இலவசம், ஆனால் தாயும் தகப்பனும் ஒரே ஈற்றில் பிறந்தவை. என் மனைவியோ, தெருவில் இத்தனை குட்டிகள் கிடக்கும்போது காசு கொடுத்து நாய் வாங்க வேண்டுமா என்கிறார். நல்ல குட்டியைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. இருபத்து மூன்று வருடமாக நாய்களைத் தொட்டுப் பார்த்துப் பிழைக்கிற எனக்கே அது முடியாது. ஐந்தாறு வாரத்தில் எல்லாக் குட்டியும் அழகுதான். பார்வோ கிருமி உடம்பில் புகுந்து மூன்று நாள் ஆன குட்டியும் அழகாகத்தான் வாலை ஆட்டும். சென்ற வருடம் உங்கள் வீட்டுக்கு வந்ததும் அநேகமாக அப்படித்தான் வாலாட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தக் கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில்தான் வெளியே தெரியும். ஐந்தாம் நாள் வாந்தி என்றால், குட்டி வரும்போதே கிருமியைச் சுமந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்களோ உங்கள் மகளோ எதையோ ஊட்டிக் கெடுத்துவிட்டதாக யாராவது சொல்லியிருந்தால், அதை இன்றோடு மறந்துவிடுங்கள்.

பார்த்தால் தெரிகிற விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று தாய். மற்றொன்று, அந்தத் தாயை வைத்திருக்கும் மனிதர். அதனால் குட்டியை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் மூன்று ஆட்களைப் பார்ப்போம்.

மாட்டுத்தாவணிக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'நீங்கள் வர வேண்டாம், நான் வந்து தாயோடு குட்டியைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.' தாய் ஊரில் இருக்கிறது, தாய்க்கு உடம்பு சரியில்லை, தாய் கடிக்கும், இன்னொருவர் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று ஏதாவது ஒரு பதில் வரும். பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து தருவது உங்கள் வசதிக்காக அன்று. குட்டி பிறந்த இடத்தை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக.

35 நாளில் இரண்டு ஊசி என்கிறாரே, அது பொய். பொய்யில்லை என்றால் அதைவிட மோசம். பிறந்த குட்டி முதல் நாள் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது. அது குட்டியைக் காக்கிறது. காக்கிறவரைக்கும் நாம் போடுகிற தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. அது வற்றும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும்; ஒன்றுக்கு ஆறு வாரத்தில் வற்றும், இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் ஆகும். எப்போது வற்றியது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசியைப் போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பதினாறு வாரம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். டாக்டர் பில்லை ஏற்றுவதற்காகப் போடுகிறார் என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னவர்கள் உண்டு. ஏதாவது ஒரு ஊசி அந்த இடைவெளியில் சரியாகப் போய் விழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

போன வருடம் ஒரு குடும்பம் குட்டியோடு தடுப்பூசிப் புத்தகத்தையும் கொண்டுவந்தது. வழவழப்பான அட்டை, உள்ளே இரண்டு லேபிள், கீழே கோழிக்கிறுக்கலாக ஒரு கையெழுத்து. பிறந்த தேதியையும் முதல் ஊசித் தேதியையும் விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு நாள். குட்டிக்குக் கண் திறக்கிற நேரம். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அது வெறிநோய்த் தடுப்பூசியின் லேபிள். மூன்று மாதக் குட்டிக்குப் போட வேண்டியது. ஏதோ ஒரு பெரிய நாய்க்குப் போட்ட பாட்டிலிலிருந்து உரித்து ஒட்டியிருக்கிறார்கள். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. லேபிளில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கிறதா, பக்கத்தில் மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று வாசியுங்கள். விடைத்தாள் திருத்துகிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கே.சி.ஐ. பேப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்னல் கிளப் ஆப் இந்தியா தருகிற பதிவுச் சான்றிதழ் பயனுள்ளதுதான். தாய் தகப்பன் யார், பாட்டன் பாட்டி யார் என்று அது சொல்லும். அது குலம் கோத்திரத்தைச் சொல்கிற தாளே ஒழிய ஆரோக்கியச் சான்றிதழ் அன்று. குட்டிக்குக் காது கேட்கும் என்றோ இதயம் ஒழுங்காக அடிக்கிறது என்றோ அது சொல்லாது. அந்தத் தாள் இந்தக் குட்டிக்குத்தான் உரியது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். தோலுக்கு அடியில் அரிசி அளவில் செலுத்தப்படும் மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் இருக்கும். தாளில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். படிக்கும் கருவி வைத்திருக்கும் மருத்துவரிடம் போனால் அரை நிமிட வேலை. 'பேப்பர் பிறகு தபாலில் வரும், அதற்குத் தனியாக 4,000' என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் எடுக்கவும் கூடாது. நம் பக்கத்தில் இதை எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் பதிவு எண்ணைக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. கேட்டவுடன் எதிராளியின் குரல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிப்பது அதைவிடப் பயன் தரும்.

இனி, உங்களைக் கோபப்படுத்திய இரண்டாமவர். அவருடைய கேள்விகளை நீங்கள் வரிசையாக எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கிறார். வளர்ந்த ராஜபாளையம் தோள் வரைக்கும் 65 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும். நாலடிச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, வருகிற போகிறவர்களைப் பார்த்துக் குரைத்தே வளர்ந்த ராஜபாளையம் இரண்டு வயதில் யார் கையையாவது பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்ற கேள்வி உங்களைக் குத்தியிருக்கும். வீட்டில் பார்வோ வந்து போனதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி கிடையாது. பெண் கேட்டு வந்தவனை விசாரிக்காமல் கட்டிக்கொடுப்பவரை நாம் என்ன சொல்வோம்?

நான்கு மாதம் காத்திருக்கச் சொன்னது உங்களுக்கு இழுத்தடிப்பாகப் படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயின் சினைக்காலம் சுமாராக 63 நாள். அதன்பின் எட்டு வாரம், அதாவது 56 நாள். ஆக 119 நாள். சரியாக நான்கு மாதம். அவருடைய பெட்டை இப்போதுதான் இணை சேர்ந்திருக்கிறது. அவர் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். எந்த மாதம் கேட்டாலும் குட்டி தயார் என்கிறவரிடம்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்டை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும். மனசாட்சி உள்ளவர் ஒவ்வொரு பருவத்துக்கும் சேர்க்க மாட்டார். எப்போதும் குட்டி இருக்க வேண்டுமானால் எத்தனை பெட்டைகள் கூண்டில் கிடக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

22,000 அதிகமா என்றால், உங்கள் சம்பளத்துக்கு அதிகம்தான். ஆனால் சென்ற வருடக் குட்டியின் விலையோடு டிரிப்ஸ், ஊசி, இரவு நேர மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். விலை கூட இருந்தாலே நல்ல இடம் என்று நான் சொல்லவில்லை. விலையைக் கூட்டிச் சொல்லும் திருடர்களும் இருக்கிறார்கள். அதனால் நேரில் போங்கள்.

முதல் தடவை போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழந்தையோடு போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. விற்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். முன்கூட்டிச் சொல்லிவிட்டே போங்கள், ஒளிந்து போய்ப் பிடிப்பது தேவையில்லை. உள்ளே நுழைந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்ய வேண்டும். நாய் இருக்கும் இடத்தில் நாய் வாடை இருக்கும். கண்ணைக் கரிக்கிற மூத்திர நெடி இருக்கக் கூடாது. எத்தனை இனம் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் சரி. லாப்ரடார், பக், ராட்வீலர், ராஜபாளையம், கேட்டால் பெர்சியப் பூனையும் உண்டு என்றால் அது கடை.

தாயைப் பார்க்கும்போது அதன் அடிவயிற்றைப் பாருங்கள். எட்டு வாரம் பால் கொடுத்த பெட்டையின் மடி தளர்ந்து தொங்கும், காம்புகள் நீண்டிருக்கும். வற்ற ஆரம்பித்திருந்தாலும் அடையாளம் இருக்கும். மடியே இல்லாத ஒரு மினுமினுப்பான பெட்டையைக் காட்டி 'இதுதான் தாய்' என்று சொல்கிற வித்தையெல்லாம் உண்டு. தாய் கொஞ்சம் மெலிந்திருந்தால் கவலை வேண்டாம், ஏழெட்டுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த உடம்பு. எலும்பெல்லாம் தெரிந்தாலோ, சொறியும் உண்ணியுமாக இருந்தாலோ வேண்டாம். அடுத்து, அது உங்களை எப்படி எதிர்கொள்கிறது என்று பாருங்கள். ராஜபாளையம் காவல் நாய். அந்நியரைக் கண்டதும் வந்து மடியில் ஏறாது, ஏற வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் குரைக்கும், உறுமும். எஜமானர் ஒரு சொல் சொன்னதும் அடங்கி, ஓர் அடி தள்ளி நின்று உங்களையே பார்க்கும். இது நல்ல தாய். எஜமானர் பக்கத்திலேயே நின்றும் வெறிபிடித்தது போலப் பாய்ந்தால், அல்லது வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு மூலையில் நடுங்கினால், அந்தக் குணத்தில் ஒரு பங்கு குட்டிக்கும் வரும். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும்.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் கவலைப்படாதீர்கள். இல்லாமல் இருப்பது பெரும்பாலும் நல்ல அறிகுறி. ஆள் எங்கோ தேடிப்போய், தன் பெட்டைக்கு உறவில்லாத நல்ல கடுவனைக் கொண்டு சேர்த்திருக்கிறார் என்று பொருள். எந்த ஊர், யாருடையது, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். 'நல்ல உயரம், நல்ல வெள்ளை' என்பதற்கு மேல் ஒரு காரணமாவது அவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

வெள்ளை என்றதும் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ராஜபாளையம் வாங்குகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு, ஏழு குட்டிகளைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு நேரம். வீட்டுக்காரம்மாள் அடுப்படியிலிருந்து ஈயத்தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஆறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து ஓடின. ஏழாவது சாக்கின் மேல் தூங்கிக்கொண்டே இருந்தது. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது, பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. ஏழில் அழகான குட்டி அதுதான். ஓடிய குட்டிகளில் ஒன்று காலை மிதித்த பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தது. அதற்குள் ஒருவர் அதற்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் அதைப் பிடித்தது என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்களாம், 'மற்றதெல்லாம் துள்ளுகிறது, இது ஒன்றுதான் அமைதியாக இருக்கிறது' என்று சொன்னாராம். அது அமைதியில்லை. அதற்கு இரண்டு காதும் கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு புதிதில்லை. டால்மேஷன் முதலிய வேறு சில வெள்ளை இனங்களிலும் உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்கின்றன; ஒலியை உணரும் மெல்லிய உறுப்பு உயிரோடு இருக்க அவை வேண்டும். உடம்பு முழுவதும் நிறத்தை மறைக்கிற மரபணு சில குட்டிகளில் உள்காதிலும் அந்தச் செல்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் கேட்கும் உறுப்பு வாடிப்போகிறது. அதற்குப் பிறகு மருந்தில்லை. நாமோ தலைமுறை தலைமுறையாகப் புள்ளி விழுந்த குட்டியை 'கலப்பு' என்று ஒதுக்கி, வெள்ளையிலும் வெள்ளையாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். காதோரம் ஒரு செந்நிறத் திட்டு இருக்கிற குட்டியை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அந்தத் திட்டு பிடிக்கும். வீட்டில் வளர்க்கப் போகிற உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. விலையும் கொஞ்சம் குறையும்.

அதனால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தாய்க்கு இதற்கு முந்தைய ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறந்ததா என்பது. 'எங்கள் பரம்பரையில் அந்தப் பேச்சே கிடையாது' என்று மார்தட்டுகிறவரைவிட, 'ஒன்று பிறந்தது, அந்தக் கடுவனோடு மறுபடி சேர்க்கவில்லை' என்கிறவர் நம்பத் தகுந்தவர். பாளையக்காரர் காலத்து வீரக் கதைகளை அவரும் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். கேட்டு முடித்ததும் குட்டியின் காதைச் சோதியுங்கள்.

சோதிப்பது எளிது, ஆனால் எல்லோரும் தப்பாகச் செய்வார்கள். கூட்டத்தில் வைத்துக் கைதட்டினால் செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்து ஓடிவரும். தரையை மிதித்தால் அதிர்வு தெரியும். முகத்தருகே கைதட்டினால் காற்றும் நிழலும் தெரியும். குட்டியைத் தனியாக ஓர் அறையில் விட்டு, அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்குங்கள். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். தூங்கும்போது ஒரு தடவை, இடத்தை மாற்றி இன்னும் இரண்டு தடவை. ஐந்து வாரத்துக்குப் பிறகு இந்தச் சோதனை பொருந்தும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இதில் பிடிக்க முடியாது. ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாமல் அது குழம்பித் தேடுவதை வைத்துச் சந்தேகப்படலாம், அவ்வளவே. உறுதியாகச் சொல்ல மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற பரிசோதனை வேண்டும். அது நம் ஊர்ப் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு காது கேட்கிற நாய் வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல் வாழும். அதை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கிறது. உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் பானை போல இருந்தால் அது கொழுகொழுப்பில்லை, உருளைப்புழு. இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும், தேதிகளைக் கேளுங்கள். தொப்புளில் உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் குடலிறக்கம். சிறியதாக இருந்தால் பயமில்லை, ஆனால் அவரே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆண் குட்டி என்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள், எட்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இதயத்தை நீங்கள் பார்க்க முடியாது, அதற்கு எங்களிடம் வர வேண்டும். வாங்கிய இரண்டு நாளைக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுவேன், பிறவிக் கோளாறு இருந்தால் திருப்பிக்கொள்வீர்களா என்று கேட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வயதிலும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் 'தெருவில் விடாதீர்கள், என்னிடமே கொண்டுவந்து விடுங்கள்' என்று அவராகச் சொன்னால், மேற்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

எட்டு வாரம் ஏன் என்று உங்கள் மகளுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான் குட்டி தன் பல்லின் கூர்மையைக் கற்றுக்கொள்கிறது. உடன்பிறப்பின் காதை ஓங்கிக் கடித்தால் அது வீலென்று கத்தி, விளையாட்டை விட்டுப் போய்விடும். தாயைக் கடித்தால் தாய் மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளும். முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் மகளின் மணிக்கட்டில் படிக்கும்.

உங்கள் சக ஆசிரியர் வீட்டுக் குட்டி வேண்டாம். அவர் மேல் எனக்குக் குறையில்லை. இரண்டையும் ஒன்றாக வளர்த்திருப்பார், பெட்டை பருவத்துக்கு வந்ததைக் கவனித்திருக்க மாட்டார். ஆனால் ராஜபாளையம் ஏற்கெனவே குறைந்த எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வருகிற இனம். அதில் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால், மறைந்து கிடக்கிற குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரே குட்டியில் கூடும். எல்லாக் குட்டியும் நோஞ்சானாக இருக்கும் என்றில்லை. ஆனால் எது தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமானால் அவருடைய பெட்டைக்கும் கடுவனுக்கும் கருத்தடை செய்துவிடும்படி சொல்லுங்கள். இலவசக் குட்டிக்கு அதுவே நல்ல மொய்.

உங்கள் மனைவியின் கேள்வியை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நியாயமானது அதுதான். என் வீட்டில் இருப்பது பேருந்து நிறுத்தத்தில் கிடைத்த செவலை நாட்டு நாய். பதினோரு வயது, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் தெருக்குட்டியைவிடச் சிறந்தது கிடையாது. ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் அதற்கும் நியாயம் உண்டு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையம் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிற நம் நாய்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. 2005-இல் ராஜபாளையத்துக்குத் தபால்தலைகூட வந்தது. நல்ல வளர்ப்பவரிடம் வாங்க ஆள் இருந்தால்தான் இந்த இனங்கள் நிற்கும். 2020-இல் பிரதமர் வானொலி உரையில் நம் நாட்டு நாய் இனங்களைப் பெயர் சொல்லிப் பேசிய பிறகு என்னிடம் ராஜபாளையம் கேட்டு வந்தவர்கள் அதிகம். அதே வேகத்தில் மாட்டுத்தாவணிக்காரர்களும் அதிகமானார்கள். நடுவில் இருப்பதுதான் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று போலி ராஜபாளையம் வாங்குவதைவிட, உங்கள் மனைவி சொல்வது பத்து மடங்கு மேல். இதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நாய்க்குச் சோறு வைக்கப் போவது யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எந்தக் குட்டி வந்தாலும் வருவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பார்வோ கிருமி நாய் போனதோடு போகாது. நிழலும் ஈரமுமான மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது. பழைய குட்டி படுத்த சாக்கு, துணி, மரப்பலகையை எரித்துவிடுங்கள். சிமென்டுத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி அழுக்கை எடுத்த பிறகு, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்கும் அதேதான். பின்புற மண்ணுக்கு பிளீச் பலிக்காது. செடிகொடியை வெட்டி வெயில் பட விடுங்கள். புதுக் குட்டியைப் பதினாறு வாரத்து ஊசி முடியும் வரை அந்த மூன்று சென்ட்டில் இறக்காமல் வீட்டுக்குள்ளும் மொட்டை மாடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிற மனிதர்களை, குக்கர் விசிலை, மோட்டார் சைக்கிள் சத்தத்தையெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டு பழக்கலாம். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ராஜபாளையத்துக்கு அந்த வயதில் பழகாதது பிறகு பழகாது.

அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டையைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பிளீச் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து மகளிடமே கொடுங்கள். இழுப்பறையையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். புதுக் குட்டிக்கு வேறு பட்டை வாங்குங்கள். சாயம் கொஞ்சம் போகும் என்று அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.